சாமர்செட்டுக்கு இந்த ஆண்டாவது கவுண்டி கோப்பை கிடைக்குமா? எட்டுப் புள்ளி பின்னால், இரண்டு ஆட்டம் மீதி

குன்னூர் கட்டஞ்சாயா | 13 செப்டம்பர் 2024

நேற்று தன் சொந்த மைதானமான டான்டனில் சாமர்செட் அணி சர்ரேயை 111 ஓட்ட வித்தியாசத்தில் வென்ற ஆட்டத்தைக் கடைசி வரை பார்த்தவர்கள் இங்கே யாராவது இருந்தால், அவர்களிடம் கேட்பதற்கு எனக்கு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அதற்கு முன்பு, நீலகிரியில் இருந்துகொண்டு இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள ஓர் அணிக்காக நான் ஏன் தூக்கம் கெடுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா, 1980இல் கவாஸ்கர் ஒரு பருவம் அங்கே போய் ஆடினார் என்ற ஒரே காரணத்துக்காக அந்த அணியைப் பிடித்துக்கொண்டவர். அந்த அணியின் ரிச்சர்ட்ஸும் கார்னரும் இங்கிலாந்துக்கு வந்த வெஸ்ட் இண்டீஸ் அணியோடு போய்விட்ட ஆண்டு அது; ரிச்சர்ட்ஸின் இடத்துக்குத்தான் கவாஸ்கர் வந்தார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஜில்லட் கோப்பையையும் ஞாயிற்றுக்கிழமை லீக்கையும் வென்று அணி தன் முதல் கோப்பைகளைப் பார்த்திருந்தது. ஆனால் இங்கிலாந்து மாவட்ட அணிகளின் நான்கு நாள் போட்டியான கவுண்டி சாம்பியன்ஷிப்பில் 1891இல் சேர்ந்த அந்த அணி, இன்றுவரை அதை ஒருமுறைகூட வென்றதில்லை.

நேற்றைய கடைசிப் பகுதியை எங்கள் வீட்டில் கைப்பேசியில்தான் பார்த்தோம். மூடுபனி இறங்கினால் எங்கள் தெருவில் சிக்னல் ஜன்னலோரத்தில் மட்டுமே கிடைக்கும் என்பதால், அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஜன்னல் திண்டிலேயே உட்கார்ந்துவிட்டார். தட்டில் வைத்த வர்க்கி அப்படியே இருந்தது. 221 எடுத்தால் வெற்றி என்ற நிலையில் சர்ரே வெற்றிக்குப் போகவில்லை, நேரத்தைக் கடத்தப் பார்த்தது. மூன்று விக்கெட்டுக்கு 95 என்றிருந்தபோது ஆட்டம் டிராதான் என்று நான் எழுந்துவிட்டேன். பிறகு 14 ஓட்டங்களுக்குள் ஏழு விக்கெட்டுகள் விழுந்தன. கடைசி ஓவர்களில் படம் ஒருமுறை உறைந்து நின்றபோது, திரையில் எல்லைக்கோட்டின் பக்கம் ஒரு ஆள்கூட இல்லை. "மத்தவங்கெல்லாம் எங்கடா போயிட்டாங்க?" என்றார் அப்பா. எல்லோரும் மட்டையைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஆட்டநேரம் முடிய ஐந்து நிமிடம்கூட இல்லாத நிலையில் நம் சுழலர் ஜாக் லீச், சர்ரேயின் கடைசி விக்கெட்டாக வொரலை எல்பிடபிள்யூ ஆக்கினார்.

இனிக் கேள்விகள். இப்போது சர்ரே எட்டுப் புள்ளி முன்னால் இருக்கிறது. இருவருக்கும் இரண்டிரண்டு ஆட்டங்கள் மீதி. உண்மையில் நமக்கு என்னவெல்லாம் நடக்க வேண்டும்? டான்டனில் சுழலை வைத்து வென்ற அணி, அடுத்த வாரம் மான்செஸ்டரில் லங்காஷயரிடம் என்ன செய்யும்?

உதகை பேரேடு | 13 செப்டம்பர் 2024

முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். கணக்கு எழுதியே காலம் தள்ளியவன் நான். வெற்றிக்கு 16 புள்ளி, டிராவுக்கு 8. முதல் இன்னிங்ஸில் 250 ஓட்டத்தில் தொடங்கி ஒவ்வொரு ஐம்பதுக்கும் ஒன்றாக 450 வரை ஐந்து போனஸ் புள்ளிகள் உண்டு. விக்கெட்டுகளுக்கு மூன்று உண்டு. ஆக, ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் 24.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், வெற்றிக்கும் டிராவுக்கும் இடையிலான வேறுபாடு சரியாக எட்டு, இப்போதைய இடைவெளியும் எட்டு. எனவே நாம் இரண்டையும் வென்று, சர்ரே ஒன்றை மட்டும் டிரா செய்தால், மட்டை போனஸ்தான் கோப்பையை முடிவு செய்யும். சர்ரேயும் இரண்டையும் வென்றால் ஏறக்குறைய கதை முடிந்தது, ஏனெனில் வெல்லும் அணி விக்கெட் போனஸைத் தவறவிடுவது அரிது. மட்டை போனஸில் மட்டும் எட்டுப் புள்ளியைப் பிடிப்பது மலை ரயிலை ஓடிப் பிடிப்பதுபோல. (அதை ஓடிப் பிடித்துவிடலாம் என்று சுற்றுலாப் பயணிகள் சிலர் நிரூபித்திருக்கிறார்கள், அது வேறு.)

புள்ளிகள் சமமானால் யாருக்கு வெற்றி அதிகமோ அவருக்கே கோப்பை. அதை உங்கள் அப்பாவிடம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். 2010இல் நாட்டிங்கம்ஷயரும் சாமர்செட்டும் ஆளுக்கு 214 புள்ளிகளில் நின்று, ஒரு வெற்றி கூடுதலாக வைத்திருந்த நாட்டிங்கம்ஷயர் கோப்பையைக் கொண்டுபோனது. 2001, 2010, 2012, 2016, 2018, 2019 என்று ஆறு முறை இரண்டாம் இடம். அவற்றில் 2016தான் கொடுமை: தங்கள் ஆட்டத்தை வென்றுவிட்டு வீரர்கள் டான்டனில் காத்திருக்க, லார்ட்ஸில் மிடில்செக்ஸின் ரோலண்ட்-ஜோன்ஸ் ஹாட்ரிக் எடுத்து யார்க்‌ஷயரைச் சாய்த்து கோப்பையை முடித்துவைத்தார்.

கொடை ஏரிக்கரை | 13 செப்டம்பர் 2024

ஐயா, உங்கள் தந்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆனால் நான் எதிர்முகாம். போன மாதம் ட்ரென்ட் பிரிட்ஜில் சர்ரேக்காக நம் சாய் சுதர்சன் சதம் அடித்தார். 2021இல் ஓவல் மைதானத்தில் அஸ்வின் ஒரே ஒரு ஆட்டத்துக்குச் சர்ரே சட்டையைப் போட்டுக்கொண்டு 27 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட் எடுத்து ஓர் அணியை 69க்குச் சுருட்டினாரே, அந்த அணி எது என்று கேட்டால் நீங்கள் வருத்தப்படுவீர்கள்.

நேற்றைய தோல்வியிலும் எங்கள் பக்கத்தில் ஷகிப் அல் ஹசன் ஒன்பது விக்கெட் எடுத்திருக்கிறார். இருந்தும் தோற்றோம் என்றால், அதற்குக் காரணமாக நான் ஆடுகளத்தைச் சொல்ல மாட்டேன். டாம் பான்டனைத்தான் சொல்வேன். முதல் இன்னிங்ஸில் 132 அடித்தவர், இடையில் கணுக்காலில் அடிபட்டு நடக்கவே முடியாமல் இருந்தவர், இரண்டாம் இன்னிங்ஸில் கடைசி ஆளாக நொண்டிக்கொண்டே வந்து 46 எடுத்தார். அந்தக் கடைசி விக்கெட் கூட்டு இல்லாவிட்டால் இலக்கும் இவ்வளவு தூரம் போயிருக்காது. எதிரணி ரசிகனாக இருந்தும் எழுந்து நின்று கைதட்டினேன். வீட்டில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

கோத்தகிரி ஆஃப் ஸ்பின் | 14 செப்டம்பர் 2024

கொடை நண்பர் ஆடுகளத்தை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம். சர்ரேயின் இரண்டாம் இன்னிங்ஸில் விழுந்த பத்தும் இரண்டு சுழலருக்கே: லீச் ஐந்து, ஆர்ச்சி வான் ஐந்து. வானுக்கு முதல் இன்னிங்ஸில் ஏற்கெனவே ஆறு. பதினெட்டு வயதுப் பையன், முன்னாள் இங்கிலாந்துத் தலைவர் மைக்கேல் வானின் மகன், மட்டையாளராகத்தான் அணிக்குள் வந்தவர். ஆஃப் ஸ்பின் போடும் எனக்கு அவரிடம் பிடித்தது, அவர் அதிகமாக எதையும் முயலாததுதான்: பந்தை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார், மீதியைத் தரை பார்த்துக்கொண்டது. அதுவும் இங்கிலாந்தின் டெஸ்ட் சுழலரான பஷீருக்கு லீச் இருப்பதால் இடம் கிடைக்காமல், அவரைக் கடனாக வேறு கவுண்டிக்கு அனுப்பிய அதே அணியில்!

டான்டனுக்குச் 'சைடரபாத்' என்று பட்டப்பெயரே உண்டு; அந்தப் பக்கத்து ஆப்பிள் மதுவின் பெயரை நம் ஐதராபாத்தோடு ஒட்டவைத்தது. அந்தப் பெயருக்கு விலையும் கொடுத்திருக்கிறார்கள்: 2019இல் எசெக்ஸுக்கு எதிரான கடைசி ஆட்டத்தின் ஆடுகளம் மோசமானது என்று தீர்ப்பாகிப் புள்ளிகள் கழிக்கப்பட்டன. ஆகவே கேள்வி, சுழல் வெளியூரிலும் எடுபடுமா என்பதல்ல. மான்செஸ்டரும் சுழலுக்குக் கை கொடுக்கும் ஊர்தான். நான்காம் நாள் வரை ஆட்டத்தைக் கொண்டுபோகும் அளவுக்கு இவர்கள் முதல் இன்னிங்ஸில் ஓட்டம் எடுப்பார்களா என்பதுதான் கேள்வி. எங்கள் ஊரில் பாய் விரித்து ஆடுகிறோம், தேயிலைக்குள் விழுந்த பந்துக்கு நான்கு ஓட்டம் என்று வைத்திருக்கிறோம். அங்கேயே 80 ஓட்டம் கையில் இல்லாமல் என்னிடம் பந்தைக் கொடுத்தால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

இன்னொன்று. லங்காஷயர் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் அபாயத்தில் இருக்கிறது. பட்டியலில் மேலே உள்ளவர்களைவிட, விழப்போகும் அணியைத்தான் செப்டம்பரில் நான் அஞ்சுவேன். போதாக்குறைக்கு இன்று எட்ஜ்பாஸ்டனில் டி20 இறுதிநாள், அடுத்த வாரக் கடைசியில் ஒருநாள் கோப்பை இறுதி. மூன்று கோப்பைக்கும் ஒரே அணி ஓடினால் கால் என்ன ஆகும்?

குன்னூர் கட்டஞ்சாயா | 24 செப்டம்பர் 2024

பத்து நாட்களாக இந்தப் பக்கம் வரவில்லை. வர மனமில்லை என்பதே சரி. 14ஆம் தேதி அரையிறுதியில் மீண்டும் சர்ரேயையே வென்று, அன்றிரவே இறுதியில் குளோஸ்டர்ஷயரிடம் எட்டு விக்கெட்டில் தோற்றோம். மான்செஸ்டரில் லங்காஷயர் நம்மை 168 ஓட்டத்தில் வென்றது; அதே சுற்றில் சர்ரே டர்ஹமைப் பத்து விக்கெட்டில் முடித்துவிட்டது. நேற்று மழையால் தள்ளிப்போய் இருபது ஓவராகச் சுருங்கிய ஒருநாள் இறுதியில் கிளமோர்கனிடம் 15 ஓட்டத்தில் போயிற்று. கோத்தகிரி நண்பர் சொன்னதில் ஒரு வரிகூடத் தப்பவில்லை, அதற்காக அவர்மீது கொஞ்சம் கோபமும் இருக்கிறது.

அப்பாவிடம் உதகை ஐயாவின் கணக்கைக் காட்டினேன். இப்போது காகிதத்தில் மட்டுமே வாய்ப்பு என்று அவருக்கும் தெரிகிறது. ஆனாலும் நான் எதிர்பார்த்ததுபோல அவர் 2010, 2016 என்று பழைய பட்டியலைப் புரட்டவில்லை. வான் கடைசி ஆட்டத்தில் இருப்பானா, பான்டனின் கணுக்கால் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார். இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை, யாருக்காவது தெரிந்தால் இங்கே எழுதுங்கள்.

ஹாம்ப்‌ஷயர் ஆட்டம் 26ஆம் தேதி டான்டனில் தொடங்குகிறது, நம் நேரப்படி பிற்பகல் மூன்று மணி. அன்று எங்கள் பக்கத்தில் மாதாந்திர மின்தடை, ஐந்து மணி வரை கரண்ட் இருக்காதாம். அப்பா இன்றைக்கே பவர் பேங்கைச் சார்ஜ் போட்டு ஜன்னல் திண்டில் வைத்துவிட்டார்.