ஏட்டின் ஓரத்தில் ‘ஷ்க்ர’: சுவடி நூலக அனுபவங்கள்

(ஓலைச்சுவடி நூலகங்களுக்குப் போய்வந்தவர்கள் ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பெயரில் எழுதியவை.)

குழித்துறை:
ஒரு பல்கலைக்கழகச் சுவடி நூலகத்தில் பார்த்த கட்டு ஒன்று இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. மொழி தமிழ், எழுத்து மலையாளம், பொருள் வைத்தியம். பட்டியலில் ‘83 ஏடு, முழுமை’ என்றிருந்தது. கூடவே ஒரு பழைய காகிதப் படியும் வந்தது. அந்தப் படியில் ஓரிடத்தில் ‘ஷ்க்ரவாதம்’ என்று ஒரு நோய். எந்த வைத்திய அகராதியிலும் அப்படி ஒன்று கிடையாது. ஏட்டையே எடுத்துப் பார்த்தால், இடது ஓரத்தில் ‘ஷ்க்ர’ தனியாக நிற்கிறது. ஒரு விரற்கடை தள்ளித்தான் ‘வாதம்’ தொடங்குகிறது. ஷ்க்ர என்றால் 4. படியெழுதியவர் ஏட்டெண்ணைக் கொண்டுபோய் நோயோடு ஒட்டிவிட்டார்.

நம் பக்கத்து மலையாள எழுத்து ஏடுகளில், எண்ணுக்குப் பதில் எழுத்தைப் போடும் இந்த எழுத்தெண் நிறைய வரும். ந 1, ந்ந 2, ந்ய 3, ஷ்க்ர 4, ஜ்ர 5, ஹா 6, க்ர 7, ப்ர 8, த்ரே 9, ம 10. இருபதுக்கு, மலையாளத்தில் ‘ரதம்’ எழுதும்போது வருகிற த. 30 ல, 40 ப்த, 50 ப, 60 த்ர, 70 த்ரு, 80 ச, 90 ண, 100 ஞ. பதினொன்று வேண்டுமென்றால் ‘ம ந’. ஏட்டின் முன்பக்கத்தில் மட்டும்தான் எண் இருக்கும், பின்பக்கத்தில் தேட வேண்டாம்.

இந்தக் கட்டின் கடைசி ஏட்டில் ‘ச ஷ்க்ர’. அதாவது 84. கையில் இருப்பதோ 83 ஏடு. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்ததில் ‘க்ர’வுக்கு அடுத்து ‘த்ரே’ வந்துவிட்டது. எட்டாம் ஏடு இல்லை. பட்டியல் போட்டவர் ஏடுகளின் தொகையை எண்ணினாரே தவிர ஓரத்தைப் பார்க்கவில்லை. எழுதியவரே எண்ணைத் தவறவிடுவதும் உண்டு, அப்போது பாட்டு முறியாமல் ஓடும். இங்கே ஏழாம் ஏடு ‘சுக்கு ஒரு பலம், மிளகு’ என்று முடிகிறது, ஒன்பதாம் ஏடு வேறு மருந்தில் தொடங்குகிறது. இது தொலைந்த ஏடுதான்.

செங்கோட்டை:
எனக்கு உறுத்துவது ஒரு தேதி. குளம் வெட்டியதற்கு நெல் அளந்து கொடுத்த ஒற்றை ஓலை, மலையாள ஆண்டுக் கணக்கில் ‘கொல்லம் 984 தை’. மேலே ஒட்டிய சீட்டில் 1808 என்று போட்டிருந்தார்கள். ஆங்கிலேயருக்கு எதிராக எழச் சொல்லித் திருவிதாங்கூர்த் தளவாய் வேலுத்தம்பி விட்ட குண்டறை விளம்பரம் 984 மகரம் 1-ந் தேதி, 1809 ஜனவரி 11. நம் தை மலையாளத்தில் மகரம். ஆக இந்த நெல் அளந்தது அந்த விளம்பரம் வந்த அதே மாதம்! சீட்டை நம்பினால் ஒரு வருஷம் முந்திப் போய்விடுகிறது. சண்டைக்காலத்து ஓலை சாதாரணக் காலத்து ஓலையாகிவிடுகிறது.

கொல்லம் வருஷத்தை ஆங்கில வருஷமாக்கும் கணக்கு இவ்வளவுதான். ஆவணி 1 முதல் டிசம்பர் கடைசி வரை 824 கூட்டணும். ஜனவரி முதல் ஆடி முடிய 825. மார்கழி மட்டும் இரண்டு ஆங்கில வருஷத்தில் கால் வைக்கும், அதற்கு நாளும் தெரிய வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை:
செங்கோட்டை அண்ணாச்சி சொன்ன கணக்கு திருவிதாங்கூருக்குச் சரி. எங்கள் மலபார்ப் பக்கம் கொல்லம் வருஷம் பிறப்பது கன்னி 1-ல், அதாவது புரட்டாசியில். மற்ற மாதங்களுக்கு ஒரே கணக்குதான், ஆவணிக்கு மட்டும் அடி விழும். 984 ஆவணி தெற்கே 1808, வடக்கே 1809. ஓலை எந்த ஊரில் எழுதியது என்று தெரியாமல் ஆவணிக்கு ஆங்கில வருஷம் போடவே கூடாது.

என் கண்ணில் நிற்பது ஒரே கட்டுக்குள் இரண்டு மர ஓலை. பட்டியலில் ‘பனை’ என்று ஒரே சொல். முதல் நாற்பது ஏடு தாளிப்பனை, மலையாளத்தில் குடப்பன. மெல்லிசு, கையில் வளைந்து கொடுக்கும். மீதி கரிம்பன, நம் சாதாரணப் பனை. தடிப்பு, விறைப்பு, பூச்சி அரித்ததெல்லாம் இந்தப் பாதியில்தான். இரண்டு காலத்தில் எழுதி ஒன்றாகக் கட்டியிருக்க வேண்டும். கையெழுத்தும் அந்த இடத்தில்தான் மாறுகிறது.

முதன்முதலாகப் போகிறவர்கள் யாராவது படித்தால் உதவும் என்று சொல்கிறேன். கயிற்றை உருவி எடுக்காதீர்கள். கட்டின் கனத்தைப்போல இரண்டு மடங்கு நீளத்துக்குத் தளர்த்திக்கொண்டு, ஏடுகளைக் கயிற்றிலேயே தள்ளித் திருப்ப வேண்டும். கயிறு இழுபட்டால் முதலில் கிழிவது துளை. துளை கிழிந்த ஏடு கட்டில் நிற்காது, அடுத்த தடவை அவிழ்க்கும்போது காணாமல் போகிற ஏடு அதுதான். விரலை நாக்கில் தொட்டுத் திருப்பும் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். பேனா வேண்டாம், பென்சில். ஏட்டை ஒரு கையால் தூக்கினால் நடுவில் மடியும், நார் ஒரு தடவை முறிந்தால் முறிந்ததுதான். இரண்டு கையாலும் இரண்டு துளைக்கும் கீழே தாங்கிப் பிடியுங்கள். விண்ணப்பத்தில் நூலின் பெயரை மட்டும் எழுதாமல் கட்டெண்ணையும் எழுதுங்கள், ஒரே பெயரில் பத்துக் கட்டு இருக்கும். எழுத்து மங்கலாக இருந்தால் விளக்குக்கரியும் எண்ணெயும் தடவித் துடைத்தால் பளிச்சென்று தெரியும், காப்பாளரிடம் கேட்டால் செய்து தருவார்கள்.

தோவாளை:
கடைசியாகச் சொன்ன வரிக்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும். கொழிஞ்சாம்பாறைத் தம்பி, தயவுசெய்து யாரையும் கரி பூசச் சொல்லாதீர்கள். எழுத்தாணியால் கீறிய ஏட்டுக்குத்தான் கரி. கீறலுக்குள் கரி தங்கும், மேலே உள்ளதைத் துடைத்துவிடலாம். ஆனால் அதே ஏட்டின் ஓரத்தில் பின்னாளில் யாரோ மையால் தேதியோ பெயரோ எழுதியிருப்பார்கள். ஒரு நூலகத்தில் பார்த்தது இது: சாராயம் நனைத்த பஞ்சால் ஒரே இழுப்பு. பாட்டு துலங்கிவிட்டது. ஓரத்தில் மையால் இருந்த நாலு சொல் பஞ்சில் நீலமாக வந்துவிட்டது. அந்தப் பஞ்சைக் குப்பையில் போட்டார்கள். ஏடு யார் வீட்டிலிருந்து வந்தது என்பதற்கு அந்த நாலு சொல்தான் சாட்சி.

முறை தெரிந்தவர்கள் முதலில் மையெழுத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி தொட்டுப் பார்ப்பார்கள். மை கரைகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றது. துடைப்பதும் நார் ஓடுகிற வாக்கில், குறுக்கே தேய்த்தால் மேல்தோல் உரியும். உலர்ந்து விறைத்த ஏட்டுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் மெல்லிசாகத் தடவுவார்கள், வளைவு திரும்பும், பூச்சியும் அண்டாது. எண்ணெய் மிஞ்சினால் தூசி ஒட்டும், ஏடும் ஏடும் பிடித்துக்கொள்ளும். வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இடித்துக் கொஞ்சம் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைப்பது பழைய வழி. பூச்சி வராமல் காக்கும், உள்ளே ஏறிவிட்ட பூச்சியை அது கொல்லாது.

படிக்க வருகிறவருக்கு இதில் எதுவும் தேவையில்லை. கைபேசி விளக்கைப் போட்டு, ஏட்டுக்கு ஏறக்குறைய சமமாக, இடப்பக்கத்திலிருந்து சாய்த்துப் பிடியுங்கள். கீறல் ஒவ்வொன்றிலும் நிழல் விழும். கரியே இல்லாத ஏட்டில் மூன்று வரி முழுசாக எழும்பி நின்றதை அப்படித்தான் பார்த்தேன். விளக்கை நேராக மேலே பிடித்தால் ஒன்றும் தெரியாது.

நகரி:
எங்கள் பக்கம் கதையே வேறு. திருப்பதியில் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தை 1939-ல் தேவஸ்தானம் தொடங்கியது, 1956-ல் அது வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. அங்கே என்றில்லை, ஆந்திராவில் எந்தச் சுவடித் தொகுப்பிலும் தமிழைத் தேடுகிறவர்கள் ‘தமிழ்’ என்ற தலைப்போடு நின்றுவிடக் கூடாது. தெலுங்கு நாட்டு வைணவர்கள் பிரபந்தத்தைத் தெலுங்கு எழுத்தில்தான் எழுதி ஓதுவார்கள். மொழி தமிழ், லிபி தெலுங்கு. பட்டியலில் அது தெலுங்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஒரு கையெழுத்துப் பட்டியலில் ‘வாலி கதை’ என்று ஒரு கட்டு, ராமாயணத்துக்குக் கீழே. அவிழ்த்தால் ஒவ்வொரு வரியும் ‘வாளியே’, ‘வாளியே’ என்று முடிகிறது. தெலுங்கில் ழ கிடையாது, ள போட்டு எழுதுவார்கள். வாழியே! ஆசாரியர்களை வாழ்த்தும் வாழித் திருநாமம் அது. தமிழ் தெரியாத ஒருவர் வாலியைப் பார்த்துவிட்டார். அதனால் பட்டியலில் ‘பாஷை’, ‘லிபி’ இரண்டு கட்டத்தையும் பாருங்கள். தெலுங்கு எழுத்தில் ள வருகிற இடமெல்லாம் ழவாகவும் ஒருமுறை படித்துப் பாருங்கள். இதில் ஒரு லாபமும் உண்டு. தமிழ் ஏட்டில் புள்ளி இருக்காது, எ, ஏ வேறுபாடு இருக்காது, காலும் ரகரமும் ஒன்றுபோல நிற்கும். தெலுங்கில் க, ப, த ஒவ்வொன்றுக்கும் மெல்லோசை (‘தங்கம்’ என்பதில் வரும் க மாதிரி) எழுத்து தனியாக உண்டு. அந்த வீட்டில் எப்படி உச்சரித்தார்கள் என்பது எழுத்திலேயே தெரிந்துவிடும்.

தக்கலை:
நகரி அக்கா சொன்ன மாதிரி கட்டுக்குள் எதிர்பாராதது இருக்கும் என்பதற்கு எங்கள் ஊர்ப் பக்கத்துச் சாட்சி பெரியது. பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் மணலிக்கரை மடம். 1909-ல் கணபதி சாஸ்திரி அங்கே ஒரு கட்டைப் பார்த்தார். நெல்லைச் சீமைத் தருவைக்காரர், திருவனந்தபுரத்தில் சமஸ்கிருதச் சுவடிகளைப் பதிப்பிக்கும் பொறுப்பில் இருந்தவர். 105 ஏடு, பழைய மலையாள எழுத்து. உள்ளே பத்து நாடகம் முழுசாக, பதினொன்றாவது பாதியாக. மேலும் சில பின்னர் கிடைத்துப் பதின்மூன்றாயின. 1912 முதல் அச்சில் வந்தன. எழுதியவர் பெயர் எந்த நாடகத்திலும் இல்லை. பழைய சமஸ்கிருத நாடகாசிரியர் பாசன் எழுதியவை என்று சாஸ்திரி சொன்னார், அந்த வாதம் இன்றும் ஓயவில்லை.

காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகச் சுவடி நூலகத்தில் 65,000-க்கு மேல் நூல்கள் என்கிறார்கள். நூல் வேறு, கட்டு வேறு. ஒரு கட்டில் ஐந்தாறு நூல் இருப்பது சாதாரணம். பட்டியலில் சில நேரம் முதல் நூலின் பெயர் மட்டும் இருக்கும். அதனால் கட்டு முழுவதையும் ஒரு தடவை புரட்டுங்கள். எங்கே வரி பாதியில் நின்று வெற்றிடம் வருகிறது, எங்கே மறுபடி தொடக்க வணக்கமான ‘ஹரி:’ வருகிறது, எங்கே ஏட்டெண் திரும்ப ‘ந’வில் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் புது நூலின் வாசல்.

குழித்துறை:
பக்கத்துக் கட்டெண்ணையும் கேட்டு வாங்கி, தக்கலை அண்ணன் சொன்னபடி முழுசாகப் புரட்டியாயிற்று. அது ஜோதிடக் கட்டு. முப்பத்திரண்டாம் ஏட்டுக்குப் பிறகு எண் தெரியாத ஓர் ஏடு. ஓரம் அரித்துப்போயிருந்தது. தோவாளை அண்ணாச்சி சொன்னபடி இடப்பக்கமிருந்து விளக்கைச் சாய்த்ததும் ‘ப்ர’வின் கீழ்ச்சுழி எழும்பியது.

எண்ணை மட்டும் நம்பவில்லை. இரண்டு துளைக்கும் நடுவிலுள்ள தூரத்தை ஒரு காகிதத் துண்டில் குறித்து, வைத்தியக் கட்டின் ஏழாம், ஒன்பதாம் ஏடுகளோடு ஒப்பிட்டால் மயிரிழை பிசகவில்லை. ஜோதிட ஏடுகளின் துளை அரை விரல் தள்ளியிருக்கிறது. பக்கத்துக்கு ஏழு வரி, அதுவும் ஒத்தது. பிறகு பூச்சித் துளை. ஏழாம் ஏட்டில் வலது மூலையில் ஒரு பொத்தல், ஒன்பதில் அதே இடத்தில் கொஞ்சம் சின்னதாக. இந்த ஏட்டிலும் அதே மூலையில், அளவு இரண்டுக்கும் நடுவே. ஏடு இடம் மாறுவதற்கு முன்பே பூச்சி மூன்றையும் துளைத்துப் போயிருக்கிறது.

முதல் வரி: ‘ஒரு பலம், திப்பிலி அரைப் பலம்’.

ஏட்டை எடுத்து வைப்பது காப்பாளரின் வேலை, நாம் தொடக் கூடாது. இரண்டு கட்டெண், துளைத் தூரம், ஏழாம் ஏட்டின் கடைசி வரி, இந்த ஏட்டின் முதல் வரி எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருக்கிறது. காகிதப் படியிலும் ‘ஷ்க்ர’வுக்கு எதிரே பென்சிலால் ‘4’ போட அனுமதி கேட்டிருக்கிறது.