டிவி ஓடும் வீட்டில் குறைவது பேச்சு

நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஓர் அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். இங்கே ஆனியில் மழை பிடித்தால் ஆவணி வரை விடாது. தேவாலா, சேரம்பாடிக்காரர்களுக்குத் தெரியும். அம்மாமார் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். எஸ்டேட் லைன் வீட்டுக்குள் பிள்ளையும் அப்பாயியும்தான். காலையில் போட்ட டிவி ராத்திரி வரை ஓடும்.

கண் கெட்டுவிடும் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்கு நான் பயப்படுவது பேச்சை நினைத்து.

இரண்டரை வயதை நெருங்கிய ஒரு பையன். விளம்பரப் பாட்டு கேட்டால் ஓடி வருவான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ‘அம்மா’கூட வரவில்லை. டாக்டர் முதலில் காதைத்தான் பரிசோதிக்கச் சொன்னார். இது முக்கியம். இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை என்றால், டிவிதான் காரணம் என்று நாமே முடிவு கட்டிக் காத்திருக்கக் கூடாது.

காது நன்றாகக் கேட்டது. அப்புறம் டிவி பற்றிக் கேட்டார். “அவன் எங்க டாக்டர் பாக்குறான்? அது பாட்டுக்கு ஓடும். எனக்குப் பேச்சுத் துணைக்கு வேற யாரு இருக்கா?” என்றார் அப்பாயி. வாழ்நாளெல்லாம் தேயிலைக் காட்டில் உழைத்த மனுஷியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் பிள்ளை பார்க்காவிட்டாலும் பாதிப்பு உண்டு. 2009இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், டிவி சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிள்ளை காதில் விழும் பெரியவர்களின் பேச்சு சுமார் 770 சொல் குறைந்திருந்தது. டிவியும் பேசுகிறதே என்றால், அது பிள்ளைக்குப் பதில் சொல்லாதே! 2003இல் வந்த இன்னோர் ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகள் நேரில் விளையாடிப் பேசியவரிடம் சீன மொழியின் ஒலிகளைப் பிடித்துக்கொண்டார்கள். அதையே டிவியில் காட்டியபோது பிடிக்கவில்லை. 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 5 வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் சொல்கிறது.

இப்போது சீரியல் எல்லாம் பையன் தூங்கிய பிறகுதான். பகலில் அரிசி புடைக்கும்போதும் அப்பாயி அவனிடம் பேசிக்கொண்டே இருக்கிறார். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து விளையாட்டுக் காட்டுகிறார். ‘காக்கா வா’ வரைக்கும் வந்திருக்கிறான்; பேச்சுப் பயிற்சியும் தொடர்கிறது. திருப்பூரில் வேலை பார்க்கும் அப்பாவை வீடியோ காலில் காட்டலாமா என்று அப்பாயி கேட்டார். தாராளமாகக் காட்டுங்கள், அவர் பிள்ளைக்குப் பதில் சொல்வாரே என்றார் டாக்டர்.