ரஞ்சிக் கோப்பை: பன்னிரண்டு இறுதி ஆட்டங்களில் தமிழ்நாட்டுக்கு ஏன் இரண்டு மட்டும்?

கேலரிப்படி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இந்திய மாநில அணிகள் மோதும் முதல்தர கிரிக்கெட் போட்டியான ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில்தான் தொடங்கியது. மைசூரை எதிர்கொண்ட சென்னை மாகாண அணி, எதிரணியை 48 ரன்னுக்கும் 59 ரன்னுக்கும் சுருட்டி, தான் எடுத்த 130 ரன்னே போதும் என்ற நிலையில், பொழுது சாய்வதற்குள் இன்னிங்ஸ் மற்றும் 23 ரன் வித்தியாசத்தில் வென்றுவிட்டது. அப்படித் தொடங்கி, பின்னாளில் தமிழ்நாடு என்று பெயர் மாறிய அணி, இதுவரை 12 முறை இறுதி ஆட்டத்துக்கு வந்தும் 1954-55இலும் 1987-88இலும் மட்டுமே கோப்பையைக் கைப்பற்றியிருக்கிறது.

இருபது ஓவர் ஆட்டங்களுக்கான சையது முஷ்டாக் அலி கோப்பையை மூன்று முறையும், ஐம்பது ஓவர் ஆட்டங்களுக்கான விஜய் ஹசாரே கோப்பையை ஐந்து முறையும் (அவற்றில் ஒன்று உத்தரப் பிரதேசத்துடன் பகிர்ந்துகொண்டது) வென்ற ஓர் அணிக்கு, நான்கு நாள், ஐந்து நாள் ஆட்டம் என்றால் மட்டும் என்ன ஆகிவிடுகிறது? 1988இல் ரயில்வே அணியை வென்ற இறுதி ஆட்டத்தைத் தாம் நேரில் பார்த்ததாக என் அப்பா இன்றும் பெருமையாகச் சொல்வார். அதற்குப் பின் பிறந்த எனக்குச் சொல்லிக்கொள்ள அப்படி ஒன்றும் வாய்க்கவில்லை. துரதிர்ஷ்டம் என்ற ஒற்றைச் சொல்லைத் தவிர்த்து யாரேனும் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பழைய ஸ்கோர் நோட்டு

நண்பரே, தோற்ற பத்து இறுதி ஆட்டங்களையும் ஒரே நோயின் அறிகுறிகளாகப் பார்க்கத் தேவையில்லை. 1935-36இல் பம்பாயிடமும் 1940-41இல் மகாராஷ்டிரத்திடமும் தோற்றதற்கும் இன்றைய அணிக்கும் பெயரளவில்தான் தொடர்பு உண்டு. ஆனால் வென்ற இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். நாம் காலங்காலமாகச் சுழற்பந்து வீச்சை வைத்தே பெயர் எடுத்தோம். கோப்பையைக் கொண்டுவந்ததோ மட்டை.

1954-55இல் இந்தூரில் ஹோல்கர் சமஸ்தான அணியை அதன் சொந்த ஊரிலேயே 46 ரன் வித்தியாசத்தில் வென்றபோது சென்னை அணி எடுத்தது 478, 311. ஹோல்கர் எடுத்தது 417, 326. நான்கு இன்னிங்ஸிலும் சேர்த்து 1,532 ரன். பந்துவீச்சாளர்கள் யாரையும் மிரட்டிய ஆட்டமாக அதைச் சொல்ல முடியாது. 1988 இறுதி ஆட்டத்தில் ரயில்வேயின் 317க்குப் பதிலாகத் தமிழ்நாடு 709 ரன் குவித்தது. இரண்டாவது இன்னிங்ஸில் அவர்கள் 248 ரன்னுக்கு ஆட்டமிழக்க, இன்னிங்ஸ் மற்றும் 144 ரன் வித்தியாசத்தில் வெற்றி கிட்டியது. அணித்தலைவர் எஸ். வாசுதேவன் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் என்பது உண்மைதான். ஆனால் 709 ரன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது பந்துவீச எந்தச் சுழலருக்கும் இனிக்கத்தான் செய்யும்.

இதற்கு நேரெதிரான ஆட்டம் 1972-73. நம் சுழலர்கள் வெங்கட்ராகவன், வி.வி. குமார் இருவரும் உச்சத்தில் இருந்த காலம், ஆட்டமோ சேப்பாக்கத்தில், பந்தும் திரும்பியது. பலம் வாய்ந்த பம்பாயை 151, 113 என்று இரண்டு முறை வீழ்த்தியாயிற்று. பந்துவீச்சாளர்களிடம் அதற்கு மேல் என்ன கேட்க முடியும்? நம்மவர்கள் எடுத்ததோ 80, 61. பம்பாயின் சுழலர் பத்மாகர் ஷிவல்கர் முதல் இன்னிங்ஸில் 16 ரன்னுக்கு 8 விக்கெட்டும் இரண்டாவதில் 18 ரன்னுக்கு 5 விக்கெட்டும் எடுத்து, நமக்காக விரித்த பாயில் தாம் படுத்துக்கொண்டார். ஆட்டம் மூன்றாம் நாளின் முதல் பந்திலேயே முடிந்துவிட்டது. அன்று அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்த என் மாமா, நுழைவாயில் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதே உள்ளிருந்து கைதட்டல் கேட்டதாம். காசைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டதற்கு வாயிற்காவலர் சிரித்தார் என்பதை அவர் சாகும்வரை மறக்கவில்லை.

அந்த ஆட்டத்தின் பாடம் கசப்பானது. சுழலுக்கு ஏற்ற ஆடுகளம் எதிரணியின் சுழலருக்கும் அதே உதவியைச் செய்யும். அப்போது நம் மட்டையாளர்கள் அவர்களைவிட நன்றாகச் சுழலை ஆடியாக வேண்டும்.

ஐஸ்ஹவுஸ் வாசி

பழைய ஸ்கோர் நோட்டு ஐயா சொன்னதோடு ஒரு குடும்பத்தின் கதையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1934இல் ஒரே நாளில் முடிந்த அந்த முதல் ஆட்டத்தில் 11 விக்கெட் வீழ்த்தியவர் ஏ.ஜி. ராம்சிங். அவருக்கு ஓர் அதிகாரபூர்வ டெஸ்டில்கூட இடம் கிடைக்கவில்லை. ஆனால் அவருடைய மகன்கள் கிருபால் சிங், மில்கா சிங் இருவரும் இந்தியாவுக்காக ஆடினார்கள். 1954-55இல் சென்னை கோப்பை வென்றதற்குப் பெரும் பங்காற்றியவர் இந்தக் கிருபால்தான். அரையிறுதியில் வங்காளத்துக்கு எதிராக 98, 97. இறுதி ஆட்டத்தில் 75, 91. நான்கு இன்னிங்ஸில் ஒரு சதம்கூட இல்லை, ஆனால் நான்கும் தேவைப்பட்ட இடத்தில் வந்தவை. அந்த ஆண்டே நியூசிலாந்துக்கு எதிரான தம் முதல் டெஸ்டில் ஆட்டமிழக்காமல் சதம் அடித்துக் கணக்கைச் சரிசெய்துகொண்டார்.

அவருடைய மகன் அர்ஜன் கிருபால் சிங், 1989 ஜனவரியில் பனாஜியில் கோவாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 302 எடுத்தார். அதே இன்னிங்ஸில் டபிள்யூ.வி. ராமன் 313. தமிழ்நாடு 6 விக்கெட்டுக்கு 912 ரன்னில் டிக்ளேர் செய்தது. இரண்டு பேர் ஒரே இன்னிங்ஸில் முச்சதம் அடிப்பது முதல்தர கிரிக்கெட்டில் அதற்கு முன் நடந்திராத ஒன்று. மட்டைதான் கோப்பையைக் கொண்டுவரும் என்றால், அந்த ஆண்டு நமக்கே கிடைத்திருக்க வேண்டும்; ஆனால் நாம் இறுதி ஆட்டத்துக்கே வரவில்லை. ஆகவே எத்தனை ரன் என்பதைவிட, எந்த ஆட்டத்தில் என்பதுதான் கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது ஸ்லிப்

பழைய ஸ்கோர் நோட்டு அவர்களின் கருத்தோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. அவர் எடுத்துக்காட்டியவை பழைய ஆட்டங்கள். அண்மைக்காலத் தோல்விகளில் என் கண்ணுக்குப் படுவது வேறொரு குறை: எதிரணியைப் பாதி வழியில் தடுக்கிறோம், முடித்துவைக்கத் தெரிவதில்லை.

2014-15 இறுதி ஆட்டத்தில் நாம் 134 ரன்னுக்குச் சுருண்டது வெட்கக்கேடு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன்பின் கர்நாடகத்தையும் 84 ரன்னுக்கு 5 விக்கெட் என்ற நிலைக்குக் கொண்டுவந்தோம் அல்லவா? அங்கிருந்து கருண் நாயர் 328, ராகுல் 188 என்று இருவரும் சேர்ந்து 386 ரன் கூட்டணி அமைத்து, 762 வரை கொண்டுபோனார்கள். 2023-24 அரையிறுதியிலும் இதே கதைதான். மும்பையில், பச்சை படர்ந்த ஆடுகளத்தில் டாஸ் வென்று மட்டையைத் தேர்ந்தெடுத்து 146 ரன்னுக்கு ஆட்டமிழந்தோம். அந்த முடிவைப் பற்றிப் பயிற்சியாளரே வெளிப்படையாகக் குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் சாய் கிஷோர் ஆறு விக்கெட் எடுத்த அதே இன்னிங்ஸில் மும்பை 106 ரன்னுக்கு 7 விக்கெட் இழந்து நின்றது! ஒன்பதாவதாக இறங்கிய ஷர்துல் தாக்குர் சதம் அடிக்க, அவர்கள் 378ஐத் தொட்டார்கள். நாம் இன்னிங்ஸ் தோல்வி அடைந்தோம்.

2012 ஜனவரியில் ராஜஸ்தானுக்கு எதிரான இறுதி ஆட்டத்தை நான் சேப்பாக்கத்தில் இருந்து பார்த்தேன். வினீத் சக்சேனா 257 ரன் எடுத்தார். அவர்களுடைய முதல் இன்னிங்ஸ் மூன்றாம் நாள் வரை நீண்டு 621இல் நின்றது. எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கடலைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஓவருக்கு ஒன்றாக உரித்துத் தின்று, தோலை நாற்காலியின் கைப்பிடியில் வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தார். தேநீர் இடைவேளைக்குள் கைப்பிடியில் இடம் தீர்ந்துவிட்டது. ஒரு விக்கெட்கூட விழவில்லை. பந்து திரும்பாத, எழும்பாத அப்படிப்பட்ட களத்தில் நம்மிடம் வேறு வழியே இல்லை. நாம் 295 ரன்னுக்கு ஆட்டமிழந்தது உண்மை. ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தால் முதல் இன்னிங்ஸ் முன்னிலைதான் கோப்பையைத் தீர்மானிக்கிறது என்னும்போது அந்த 621இலேயே பாதி ஆட்டம் போய்விட்டது.

பழைய ஸ்கோர் நோட்டு

84க்கு 5, 106க்கு 7 என்ற இரண்டையும் நான் இப்படிச் சேர்த்து யோசித்ததில்லை, ஏற்றுக்கொள்கிறேன். ஒரு சிறு மறுப்பு மட்டும். முதல் இன்னிங்ஸில் 134க்குப் பதில் 300 எடுத்திருந்தால் 84க்கு 5 என்ற நிலையில் கர்நாடகம்தான் பதறியிருக்கும். நாம் முதல் நாளே தோற்றுவிட்டதால், எதிரணியின் ஆறாவது ஜோடிக்கு அவசரமோ அச்சமோ இல்லாமல் போனது. இந்தூரில் 478 எடுத்ததன் பயன் அதுதான்: ஹோல்கர் 417 எடுத்தும் பின்தங்கியே இருந்தது. அந்த இறுதி ஆட்டத்தோடு ஹோல்கர் அணியின் கதையே முடிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். நான்கு முறை கோப்பை வென்ற அந்தச் சமஸ்தான அணி, அடுத்த பருவத்தில் அப்பெயரில் இல்லை. பாலு அழகணன் தலைமையிலான சென்னை அணி வென்றது ஏதோ ஒரு சோப்ளாங்கி அணியை அல்ல.

கேலரிப்படி

விளக்கமாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இந்த விவாதத்தை இன்று மாலை அப்பாவிடம் முழுமையாக வாசித்துக் காட்டினேன். 1973இல் வாயிலில் நின்ற மாமாவின் கதையைக் கேட்டு நெடுநேரம் சிரித்துவிட்டு, பிறகு ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார். 1988இல் அவர் மைதானத்தில் இருந்தது தமிழ்நாடு மட்டை பிடித்துக்கொண்டே இருந்த ஒரே ஒரு நாள்தானாம். ரயில்வேயின் கடைசி விக்கெட் விழுந்ததை மறுநாள் செய்தித்தாளில்தான் படித்தாராம்.