ஸ்பிரிங் பூட்: லாக் லெவல் மாற்றினால் 204 வருகிறது, டீபக் வரிகள் வரவில்லை

கேள்வி
வணக்கம். ஸ்பிரிங் பூட் 3, குபர்நெட்டிஸில் மூன்று பாட் (ஒரே ஆப்பின் மூன்று பிரதிகள்). நான்கைந்து நாள் ஓடியதும் சில ரீஃபண்டுகள் மட்டும் சரியாக மூன்று நிமிடம் தொங்கிவிட்டு எரராகின்றன. ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் சமர்த்தாகிவிடுகிறது, அதனால் ஓடும்போதே பிடிக்க வேண்டும். ஆக்சுவேட்டரின் (ஓடும் ஆப்பைக் கவனிக்கும் ஸ்பிரிங் பூட் வசதி) லாகர்ஸ் முகவரி வழியாக லாக் லெவலை, அதாவது லாக்கில் எவ்வளவு விவரம் வர வேண்டும் என்பதை, மாற்றப் பார்த்தேன். முதலில் 404; ஹெல்த் மட்டும்தான் திறந்திருந்தது. அப்புறம் 403, சிஎஸ்ஆர்எஃப் (போலிக் கோரிக்கைத் தடுப்பு). இரண்டையும் போன வாரமே சரிசெய்தாயிற்று. இன்று டீபக் (வழக்கமான இன்ஃபோவை விட விரிவான லெவல்) போட்டால் 204, அதாவது வெற்றி என்ற பதில், வருகிறது. ஆனால் தொங்கும் ரீஃபண்டுக்கு ஒரு வரி கூட இல்லை. நன்றாக முடிந்த ஒன்றிரண்டுக்கு மட்டும் வந்தது.

பதில் 1
லாக்பேக் (லாக் லைப்ரரி) ஃபைலில் அப்பெண்டருக்கு (வரிகளை எழுதும் பகுதி) த்ரெஷோல்ட் ஃபில்டர் (ஒரு லெவலுக்குக் கீழே உள்ளதைத் தடுப்பது) இருக்கிறதா பாருங்கள். லாகர் விட்டாலும் அது மடக்கிவிடும்.

பதில் 2
ஃபில்டர் இருந்தால் ஒன்றிரண்டுக்கும் வந்திருக்காதே. அதே முகவரிக்கு ஆறு தடவை கெட் கோரிக்கை அனுப்பி, எஃபெக்டிவ் லெவலை (உண்மையில் நடப்பில் உள்ள லெவல்) பாருங்கள்.

கேட்டவர்
இன்ஃபோ, இன்ஃபோ, டீபக், இன்ஃபோ, இன்ஃபோ, டீபக். அடப்பாவமே!

பதில் 2
அதேதான். லெவலை மாற்ற நீங்கள் அனுப்பிய போஸ்ட் கோரிக்கை, குபர்நெட்டிஸ் சர்வீஸ் (கோரிக்கைகளைப் பாடுகளுக்குப் பிரித்தனுப்புவது) வழியாகப் போய் ஏதோ ஒரு பாடில் விழுந்திருக்கிறது. லெவல் அந்தப் பாடில் ஓடும் ஜேவிஎம்மின் (ஜாவா புரோகிராமை ஓட்டுவது) நினைவில் மட்டும்தான் மாறும். போர்ட் ஃபார்வர்ட் (ஒரு பாடுக்கு நேரடி வழி) போட்டு மூன்று பாடுக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். வெளி சர்வரை அழைக்க நீங்கள் பயன்படுத்துவது அப்பாச்சி ஹெச்டிடிபி கிளையன்ட் 5 என்றால் அதன் லாகரையும் டீபக்கில் வையுங்கள். பூலில் (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கனெக்ஷன்களின் தொகுப்பு) கனெக்ஷன் கிடைக்க அது காத்திருக்கும் டீஃபால்ட் நேரம் மூன்று நிமிடம், அதனால் எனக்குச் சந்தேகம் அங்கேதான்.

கேட்டவர்
சிக்கியது! ஒரு பாடில் மட்டும் பூல் வரி "ரூட் 5 / 5, மொத்தம் 5 / 25" என்று அசையாமல் நிற்கிறது; ரூட் என்பது இங்கே பேங்க் சர்வருக்கான வழி. பேங்க் எரர் அனுப்பும்போது எங்கள் கோட் ரெஸ்பான்ஸை மூடாமலே எக்செப்ஷன் எறிகிறது. ஐந்து எரர், ஐந்து கனெக்ஷனும் பூலுக்குத் திரும்பவே இல்லை. மூடிவிட்டு டெஸ்டிங்கில் போட்டிருக்கிறேன். இப்போது லெவலைத் திரும்ப இன்ஃபோ என்று போட்டால் போதும்தானே?

பதில் 2
வேண்டாம், நல் (null, வெற்று மதிப்பு) அனுப்புங்கள். இன்ஃபோ என்று எழுதினால் அந்த லாகர் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். நாளை மேலே உள்ள பேக்கேஜை மாற்றினாலும் கேட்காது. மூன்று பாடிலும், மறக்காமல்.