வெளிமுற்ற கிரிடிலில் காலை உணவு: கிழங்கு முறுகவில்லை, முட்டை ஒட்டுகிறது – உதவி தேவை

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வசிக்கிறோம். வெளிமுற்றத்தில் வைத்துச் சமைப்பதற்காக, நான்கு பர்னர்களும் 36 அங்குல அகலமும் கொண்ட புரொப்பேன் வாயுவில் எரியும் கிரிடில் (தட்டையான பெரிய கல் பொருத்திய அடுப்பு) ஒன்றை அண்மையில் வாங்கினோம். இந்த ஊர் வழக்கப்படி ஹாஷ் பிரவுன் (துருவிய உருளைக்கிழங்கை முறுகலாகச் சுடுவது), சாஸேஜ், பான்கேக், முட்டை ஆகிய நான்கையும் ஒரே கல்லில் சமைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டிலுள்ளவர்களுக்கும் விருந்தினர்களுக்கும் சூடாகப் பரிமாற வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆனால், தீயைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களை முழுவதும் திருப்பி வைத்து அரை மணி நேரம் ஆன பிறகும் துருவிய கிழங்கிலிருந்து ஆவிதான் வருகிறது, நிறம் மாறுவதில்லை. நடுவில் ஊற்றும் பான்கேக் ஓரளவு வேகிறது, ஓரத்தில் ஊற்றுவது வெளிறிப்போய் ரப்பர் போல ஆகிவிடுகிறது. முட்டையோ கல்லை விட்டு எழும்புவதே இல்லை. கல்லை எண்ணெய் பூசிக் காய்ச்சி முறையாகப் பழக்கியிருக்கிறேன்; கருமை நன்றாகவே ஏறியிருக்கிறது. குனிந்து பார்த்தால் தீ நீல நிறத்தில்தான் எரிகிறது, ஆனால் எல்லாப் பர்னர்களிலும் மிகக் குட்டையாக இருக்கிறது. பர்னர் குமிழ்களைத் திருப்பி வைத்துக்கொண்டு, பிறகு சிலிண்டரின் வால்வைத் திறந்து பற்றவைப்பதுதான் என் வழக்கம். காலை வேளையில் குளிரும் காற்றும் உண்டு. குறை கல்லிலா, அடுப்பிலா, கிழங்கிலா என்று சொல்லி உதவுங்கள்.

முதல் பதில்:

வணக்கம். கிழங்கையும் முட்டையையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் தீயைக் கவனிப்போம். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. அமெரிக்காவில் இந்த வகை அடுப்புகளுக்கான சிலிண்டர் இணைப்பில், குழாய் அறுந்தாலோ வாயு கசிந்தாலோ ஓட்டத்தை வெகுவாகக் குறைத்துவிடும் ஒரு பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. குமிழ்கள் திறந்திருக்கும்போது சிலிண்டரைத் திறந்தாலும், வால்வை ஒரேயடியாக வேகமாகத் திறந்தாலும், வாயு பாயும் வேகத்தைக் கசிவு என்று எடுத்துக்கொண்டு அது அடைத்துக்கொள்கிறது. பிறகு குமிழை எவ்வளவு திருப்பினாலும் தீ எழும்பாது. மேலும், குமிழ் திறந்திருக்கும் நிலையில் சிலிண்டரைத் திறந்தால் பற்றவைப்பதற்கு முன்பே கல்லுக்கு அடியில் வாயு தேங்கும். அது பெரிய ஆபத்து. ஆகவே அந்த வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

எல்லாக் குமிழ்களையும் மூடி, சிலிண்டர் வால்வையும் மூடி, ரெகுலேட்டர் இணைப்பைக் கழற்றிச் சில நிமிடம் விட்டுவிட்டு மறுபடி கையால் இறுக்கிப் பூட்டுங்கள். குமிழ்கள் மூடியிருக்கும் நிலையிலேயே வால்வை மெதுவாகத் திறங்கள். இணைப்பின் மீது சோப்புத் தண்ணீர் தடவி, நுரை குமிழ்கிறதா என்று பாருங்கள். குமிழ்ந்தால் பற்றவைக்காமல் வால்வை மூடிவிடுங்கள். குமிழவில்லை என்றால் ஒரே ஒரு பர்னரை மட்டும் முதலில் பற்றவையுங்கள்.

குளிரைப் பற்றிக் கவலை வேண்டாம். புரொப்பேனின் கொதிநிலை கழித்தல் 42 டிகிரி செல்சியஸ் என்பதால், வசந்தகாலக் குளிர் அதைத் தடுக்காது. ஆனால் சிலிண்டர் தீரும் தறுவாயில் இருந்தால், குளிரில் அழுத்தம் மேலும் குறைந்து தீ சுருங்கும். தூக்கிப் பார்த்து எடையைக் கணித்துக்கொள்ளுங்கள். காற்றுதான் உண்மையான எதிரி. அது கல்லுக்கு அடியில் புகுந்து தீயைச் சாய்த்துவிடுவதால் ஓரங்கள் காய்வதில்லை. காற்று வரும் பக்கத்தில் தடுப்பு வையுங்கள்; சூடு வெளியேறும் பின்பக்க இடைவெளியை மட்டும் அடைத்துவிடாதீர்கள். காற்றுக்கு அஞ்சி அடுப்பைக் கார் கொட்டகைக்குள் நகர்த்தவே கூடாது; கார்பன் மோனாக்சைடு மணமின்றிச் சேர்ந்து உயிரைப் பறிக்கும்.

இரண்டாம் பதில்:

மேலே சொன்னது சரியான வழி. கிழங்கைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். துருவியதும் தண்ணீர் தெளியும் வரை அலசி, மாவுப்பசையைப் போக்கிவிட்டு, பருத்தித் துணியில் கட்டி முறுக்கிப் பிழியுங்கள். சொட்டு நின்ற பிறகும் இன்னொரு முறை முறுக்கினால் இன்னும் நீர் வரும். அந்த நீர் இருக்கும் வரை கிழங்கின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சிவப்பதற்கோ அதைவிட நாற்பது டிகிரியாவது கூடுதலாக வேண்டும். கால் அங்குல கனத்துக்கு மேல் பரப்பாமல், எண்ணெய் தாராளமாக விட்டு, விளிம்பு செம்பழுப்பாகும் வரை கரண்டியால் தொடாமல் விட்டுவிடுங்கள். அடிக்கடி கிளறினால் முறுகல் படியாது. உப்பை முன்பே கலந்து வைத்தால் நீர் விடும் என்பதால், கல்லில் போட்ட பிறகு தூவுங்கள்.

கேட்டவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடி இணைப்பைக் கழற்றிப் பூட்டியதும் தீ நன்றாக எழும்பியது, நுரையும் குமிழவில்லை. கிழங்கு இருபுறமும் பொன்னிறமாக முறுகி, ஒரே அடையாகத் திரும்பியது. ஆனால் இப்போது கல் மிதமிஞ்சிக் காய்கிறது. வெண்ணெய் போட்டவுடன் கருகுகிறது; முட்டையின் அடிப்பக்கம் தீய்ந்து இன்னமும் ஒட்டுகிறது. இதற்கு என்ன செய்யலாம்?

முதல் பதில் அளித்தவர்:

மகிழ்ச்சி. நான்கு பர்னர்களையும் ஒரே அளவில் எரிப்பதால்தான் இப்படி ஆகிறது. இடப்பக்கத்துப் பர்னர்கள் இரண்டையும் மிதமான தீயில் வைத்து அங்கே கிழங்கையும் சாஸேஜையும் முதலில் போடுங்கள். மூன்றாவதைச் சற்றுக் குறைத்துப் பான்கேக் ஊற்றுங்கள். நான்காவதை மிகக் குறைவாகவோ அணைத்தோ வைத்தால், அண்டைச் சூட்டிலேயே முட்டைக்கு வேண்டிய அளவு கிடைக்கும். கல்லைத் தொடாமலே சூட்டை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கினால் ஊகிக்க வேண்டியிருக்காது: கிழங்குக்கும் பான்கேக்குக்கும் 190 டிகிரி செல்சியஸ், முட்டைக்கு 140 முதல் 150 வரை பொருத்தமாக இருக்கும். பழக்கிய கரிய பரப்பில் அந்தக் கருவி சரியாகவே காட்டும். பளபளக்கும் எஃகில்தான் பிழையாகக் காட்டும்.

முட்டை ஒட்டுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். பான்கேக் மாவிலும் சில சாஸேஜ்களிலும் உள்ள சர்க்கரை கல்லில் பிடித்துக்கொள்ளும். முட்டை உடைக்கும் இடத்தை வேறு எதற்கும் பயன்படுத்தாமல், கடைசி வரை சுத்தமாக வைத்திருங்கள். வெண்ணெயைத் தனியாகப் போடாமல் சிறிது எண்ணெயுடன் சேர்த்தோ, நெய்யாகவோ விடுங்கள். வெள்ளைக்கரு இறுகி ஓரம் தானாக விடுபட்ட பிறகுதான் கரண்டியை நுழைக்க வேண்டும். சாஸேஜ் அரைத்த பன்றி இறைச்சி என்றால், உட்புறச் சூடு 71 டிகிரியை எட்டியதா என்று குத்திப் பார்க்கும் வெப்பமானியால் உறுதிசெய்த பிறகே பரிமாறுங்கள்.

இரண்டாம் பதில் அளித்தவர்:

சமைத்து முடித்ததும் கல் சூடாக இருக்கும்போதே சுரண்டி, சிறிது வெந்நீர் தெளித்துத் துடைத்து, ஈரம் முழுவதும் போன பிறகு எண்ணெயை மெல்லிய பூச்சாகத் தடவிவிடுங்கள். தக்காளியையும் எலுமிச்சையையும் அந்தக் கல்லில் நேரம் எடுத்துச் சமைக்க வேண்டாம், புளிப்பு அந்தக் கரிய பூச்சை அரித்துவிடும். உறை போடுவதற்கு முன் கல் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும்.