சக்காராவைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, கோல்ஃப் தெரிந்தவர்களிடம் ஒரு உதவி. ஸ்பெயினின் யூஜெனியோ சக்காராவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மாட்ரிட்காரர், 2000இல் பிறந்தவர். ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக ஆடிவிட்டு, 2022இல் நேராக லிவ் தொடரில் (சவூதி பணத்தில் தொடங்கிய போட்டித் தொடர்) சேர்ந்தார். அங்கே ஸ்பெயின் நட்சத்திரம் செர்ஜியோ கார்சியாவின் ஃபயர்பால்ஸ் அணி. அதே வருடம் பாங்காக்கில் தனிநபர் பட்டம், பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அப்போது லிவ் போட்டிகளுக்கு உலகத் தரவரிசைப் புள்ளிகள் கிடையாது. என் பார்வையில், இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு அது பெரிய விலை.

2024 முடிவில் லிவ்விலிருந்து வெளியே வந்தவர், 2025 மார்ச்சில் நம்ம குருகிராமில் இந்தியன் ஓபனை வென்றார். அழைப்பின் பேரில் ஆட வந்தவர், கோப்பையோடு ஐரோப்பாவின் முக்கியத் தொடரான டிபி வேர்ல்ட் டூர் உறுப்பினர் தகுதியையும் வாங்கிக்கொண்டு போனார்! (போட்டி நடந்த டிஎல்எஃப் மைதானத்தில் ஜெயிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.)

சரி, கேள்விக்கு வருகிறேன். லிவ்வில் ஆடியவர்கள் அமெரிக்காவின் பிஜிஏ டூர் தொடர் பக்கம் போக ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்கிறார்களே, அது கடைசி லிவ் போட்டியிலிருந்து கணக்கா? அப்புறம், ரேஸ் டு துபாய் (டிபி வேர்ல்ட் டூரின் வருடாந்திரத் தரவரிசை) பட்டியல் வழியாகக் கிடைக்கும் பத்து பிஜிஏ அட்டைகள் (அந்தத் தொடரில் ஆடும் உரிமை) இவரைப் போன்றவருக்கும் பொருந்துமா? குருகிராமில் அவர் ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், கடைசி நாள் எப்படி ஆடினார் என்றும் சொல்லுங்கள்.