அடிபடாமலே வரும் பிரச்சினைகள்: விளையாட்டு வீரர்களிடம் நீங்கள் நேரில் பார்த்தது

முதுகலை மாணவி, கோவை:

விளையாட்டுப் பிசியோதெரபி படிக்கிறேன். இந்த செமஸ்டரில் வீரர்களைப் பாதிக்கும் பொது மருத்துவப் பிரச்சினைகள் பற்றி ஒரு தாள் இருக்கிறது. முழங்கால் ஜவ்வு, தோள்பட்டை எல்லாம் தொட்டுப் பார்த்தே புரிந்துகொண்டேன். ஆனால் இதயம், சர்க்கரை, ரத்தசோகை, தோல் என்று இதில் வருவது எதுவும் மனதில் நிற்கவில்லை. களத்தில் இருப்பவர்கள் நேரில் பார்த்ததைச் சொல்லுங்களேன்.

பிசியோதெரபிஸ்ட், திருச்சி:

நல்ல கேள்வி கேட்டீங்கம்மா. முதலில் இதயத்தைச் சொல்கிறேன். மற்றவற்றில் யோசிக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கும், இதில் கிடைக்காது.

மாவட்ட அளவிலான கால்பந்துப் போட்டி. பந்து அந்தக் கோடியில் இருந்தது. யாரும் இடிக்கவில்லை, கால் தடுக்கவும் இல்லை. நடுக்களத்தில் ஓடிக்கொண்டிருந்த பையன் கையைக்கூட ஊன்றாமல் முகம் தரையில் மோத விழுந்தான். கை கால் சில நொடி வெட்டி இழுத்தது. 'வலிப்புடா' என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான், ஒருவர் பைக் சாவிக்கொத்தை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பையனின் வாய் திறந்து திறந்து மூடியது. 'மூச்சு வருது, மூச்சு வருது' என்றார்கள். அது மூச்சே இல்லை. இதயம் நின்ற பிறகும் சிறிது நேரம் அப்படி இழுக்கும். கை கால் வெட்டுவதும் மூளைக்கு ரத்தம் போகாததால் வருவதுதான்.

எதிரணியோடு வந்திருந்த ஒரு செவிலியர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கழுத்தில் நாடி பார்த்துவிட்டு நெஞ்சின் நடுவில் அழுத்த ஆரம்பித்தார். நானும் அவரும் மாறி மாறி அழுத்தினோம். ஆம்புலன்ஸ் வந்து மின்னதிர்ச்சி கொடுத்த பிறகு நாடி திரும்பியது. எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத் தசை தடித்திருப்பது தெரிந்தது. சித்தப்பா ஒருவர் இருபது சொச்சம் வயதில் தூக்கத்திலேயே இறந்ததை அவன் அம்மா அன்றைக்கு மருத்துவமனை வராந்தாவில்தான் சொன்னார். அதுவரை யாரும் அவரிடம் கேட்டதே இல்லை.

2003-ல் பிரான்சின் லியோன் நகரில் கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ அரையிறுதி ஆட்டத்தின் நடுவே விழுந்து இறந்ததும் இதே தசைத் தடிப்பால்தான். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் விழுந்த கிறிஸ்டியன் எரிக்சனுக்குக் களத்திலேயே நெஞ்சழுத்தமும் மின்னதிர்ச்சியும் கிடைத்தன. இதயத் துடிப்பு தாறுமாறானால் தானாகவே மின்னதிர்ச்சி கொடுக்கும் ஐ.சி.டி. என்ற கருவியை உடம்பில் பொருத்திக்கொண்டு 2022-ல் பிரென்ட்ஃபோர்டு அணிக்காக மறுபடி ஆடினார். நெஞ்சழுத்தம் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பத்து சதவீதம் குறைகிறது. சாவி பிடித்துக்கொண்டு நிற்பதற்கெல்லாம் அங்கே நேரமில்லை.

முதுகலை மாணவி, கோவை:

சார், பந்தயக் கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுகிறார்களே, அதுவும் இதேதானா?

பிசியோதெரபிஸ்ட், திருச்சி:

பெரும்பாலும் இல்லைம்மா. ஓடும்போது கெண்டைக்கால் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கித் தலை சுற்றும். படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் சிறிது நேரத்தில் எழுந்துவிடுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தால்தான் பயப்பட வேண்டும். அதனால் 'ஓடும்போது விழுந்தானா, நின்ற பிறகு விழுந்தானா' என்று முதலில் கேளுங்கள். இத்தாலியில் 1982 முதல் போட்டிகளில் ஆட இ.சி.ஜி.யோடு மருத்துவச் சான்று கட்டாயம். அங்கே வெனேட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் மரணம் 89 சதவீதம் குறைந்ததாக 2006-ல் ஆய்வு வெளிவந்தது. நம்மூரில் எல்லோருக்கும் இ.சி.ஜி. எடுக்க முடியாமல் போகலாம். ஓடும்போது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்திருக்கிறதா, வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்தார்களா என்று கேட்க ஒரு ரூபாய்கூட ஆகாது.

மருத்துவர், தூத்துக்குடி:

கோட்டைத் தாண்டி விழுகிறவர்களில் ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். நான் நெடுந்தூர ஓட்டங்களின் மருத்துவக் குழுவில் இருப்பவன். ஒரு இளைஞர் கடைசிக் கிலோமீட்டரில் கோணல்மாணலாக ஓடி வந்தார். பெயரைக் கேட்டால் ஊர்ப் பெயரைச் சொன்னார், பிடிக்கப் போனவர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். உடம்பெல்லாம் வேர்வை. 'வேர்க்குதே சார், அப்புறம் எப்படி சன் ஸ்ட்ரோக்' என்று தன்னார்வலர் கேட்டார். வெயிலில் வயதானவர்களுக்கு வருவதில்தான் தோல் வறண்டிருக்கும். உடற்பயிற்சியால் வரும் வெப்பத்தாக்கில் சொட்டச் சொட்ட வேர்க்கும். அக்குள் தெர்மாமீட்டர் 38 டிகிரி செல்சியஸ் காட்டியது. அதை நம்பியிருந்தால் அவ்வளவுதான். ஆசனவாய் வழியாகப் பார்த்தபோது 41-ஐத் தாண்டியிருந்தது.

மீன் ஏலக்கூடத்திலிருந்து வாங்கி வைத்திருந்த ஐஸைப் பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கழுத்துவரை இறக்கினோம். ஒருவர் அக்குளுக்குக் கீழே துண்டைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டார், இன்னொருவர் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் பக்கத்திலேயே நின்றது. ஏற்றவில்லை. முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் ஏற்றுவது. அரை மணி நேரத்துக்குள் வெப்பம் இறங்கிவிட்டால் அநேகமாக எல்லோரும் பிழைக்கிறார்கள். 39-க்குக் கீழே வந்ததும் வெளியே எடுத்தோம். கண்ணைத் திறந்து பார்த்து 'டைமிங் என்ன' என்றுதான் முதலில் கேட்டார்.

ஆனால் குழம்பிப் பேசுகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் ஊட்டாதீர்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. முக்கியக் காரணம் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தது. அப்படிப்பட்டவருக்கு மேலும் தண்ணீர் கொடுத்தால் மூளை வீங்கிவிடும்.

ஹாக்கி பயிற்சியாளர், கோவில்பட்டி:

எங்கள் அணியில் டைப் 1 சர்க்கரை உள்ள ஒரு தம்பி இருக்கிறான். அதிர்ந்து பேசாதவன். ஒருநாள் இரண்டாம் பாதியில் பந்தை எதிர்ப்பக்கம் அடித்துவிட்டு நடுவரிடம் சண்டைக்குப் போனான். 'திமிர்' என்று சிலர் சொன்னார்கள். கையைப் பிடித்தேன், ஜில்லென்று ஈரம். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 52. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தோம், ஏறியிருந்தது. ஓடப் போகும் முன் தொடையில் இன்சுலின் போட்டால் வேகமாக உறிஞ்சும், அதனால் இப்போது வயிற்றில் போடுகிறான். சாயங்காலம் கடுமையாக ஆடினால் ராத்திரி தூக்கத்திலும் சர்க்கரை இறங்கும் என்று அவன் அம்மாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். வாசிம் அக்ரமுக்கு 1997-ல் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. 2003 உலகக் கோப்பை வரை அவர் பந்து வீசினார் என்று இவனிடம் சொன்னபோது முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

கபடி வீரர், வடலூர்:

எங்கள் ஆட்டத்தில் படர்தாமரைதான் பெரிய தொல்லை. மெடிக்கலில் போய் ட்யூப் கேட்டால் ஸ்டீராய்டு கலந்ததைக் கொடுத்துவிடுகிறார்கள். அரிப்பு உடனே நிற்கும், உள்ளே பரவும். அணியில் பாதிப் பேருக்கு வந்த பிறகு தோல் மருத்துவரிடம் போனோம். இப்போது ஒருவர் துண்டை ஒருவர் தொடுவதில்லை, ஆடுகள விரிப்பைத் தினமும் துடைக்கிறோம்.

தடகளப் பயிற்சியாளர், பெண்கள் விடுதி:

800 மீட்டர் ஓடும் ஒரு பெண்ணின் டைமிங் மாதக்கணக்கில் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. கடைசி 200-இல் கால் இரும்பாகக் கனக்கிறது என்பாள். சோம்பேறி என்று பேர் வாங்கிவிட்டாள். ஒருநாள் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது டிராக் சூட் பாக்கெட்டிலிருந்து எதையோ எடுத்து எடுத்து மென்றாள். பச்சரிசி. 'எப்போதிலிருந்து' என்றேன். 'எப்பவுமே பிடிக்கும் மிஸ்' என்றாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துப்போயிருந்தது. ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. மாதவிடாயில் அதிகமாகப் போவதை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அரிசி, சாக்பீஸ், சாம்பல் தின்னத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். நம் வீடுகளில் அதைக் கெட்ட பழக்கம் என்று அதட்டுவதோடு விட்டுவிடுகிறோம்.

இரும்புச்சத்து மாத்திரையைக் காலை டீயோடு போட்டுக்கொண்டிருந்தாள். டீ இரும்பை உறிஞ்சவிடாது. எலுமிச்சை ஜூஸுக்கு மாற்றினோம். பச்சரிசி ஆசை தானாகவே போனது, டைமிங் அதற்கப்புறம் மெல்லத் திரும்பியது.

முதுகலை மாணவி, கோவை:

மிஸ், ஹீமோகுளோபின் 12 வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

தடகளப் பயிற்சியாளர், பெண்கள் விடுதி:

கூடாதும்மா. ரத்தத்தில் ஏறினாலும் உடம்பின் சேமிப்பு காலியாகத்தான் இருக்கும். அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்க்க வேண்டும். எங்கள் மருத்துவர் இன்னும் மூன்று மாதம் தொடரச் சொன்னார். அந்த மூன்று மாதமும் டீயைத் தள்ளிவைக்க வைப்பதுதான் சிரமமாக இருந்தது, விடுதிச் சமையல்கார அக்காவிடமே அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிட்டேன்.